முந்நூற்றுச் சொச்சம் சொந்தக்காரர்கள்

சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடம் அதே சாலையில் கம்பெனி பைக்கில் போய் வந்தவன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் பைக் சாவியை மேசைமேல் வைத்தேன். கம்பெனி கொடுத்திருந்த போனையும் வைத்தேன். முதுகில் மாட்டியிருந்த பையில் கம்பெனி பெயர் போட்டிருந்தது. அதையும் கழற்றச் சொல்வார்களோ என்று கேட்டைத் தாண்டும்வரை நினைப்பு இருந்தது. யாரும் சொல்லவில்லை. பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, சேல்ஸ் வேலைக்கு மாறியபோது நான் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ், பிறகு இன்னும் கையெழுத்துப் போடாத மூன்று தாள்கள்.

அந்த மூன்று தாளில் கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டர் தருவார்கள். அந்த லெட்டரோடு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவனியாபுரத்தில் இருக்கும் வேறொரு மாட்டுத் தீவனக் கம்பெனிக்குப் போனால் எனக்கு ஏரியா மேனேஜர் வேலை. ஆனால் தாளில் இருந்தது என்னவென்றால், இரண்டு வருடத்துக்கு மதுரையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் தீவனம் சம்பந்தமான எந்த வேலையையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்யமாட்டேன் என்பது. லெட்டர் வாங்கினால் அந்த வேலைக்குப் போக முடியாது. லெட்டர் வாங்காவிட்டால் அந்த வேலையே கிடையாது. வெயிலில் இதை நாலைந்து முறை திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியேதான் இருந்தது.

வேலையை விடுவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, போர்வெல் வண்டியோடு ராஜஸ்தான், நாகர்கோவில் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் விட்டேன். காலையில் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போர்வெல் வண்டியில் நான் போகிறேன் என்று சொன்னது அந்த இரைச்சலில் மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். அப்படியே ரயிலேறினேன். எங்கேயும் ஒருவர்கூட என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. முதன்முதலாக அப்படிச் சொன்னது இந்தக் கம்பெனிதான். அதுவும் வாயால் இல்லை, ஸ்டாம்புப் பேப்பரில்.

இங்கே நான் சேர்ந்தது மூட்டை தூக்கத்தான். மூன்றாவது மாதம், லோடு ஏற்றிக்கொண்டே ஒரு மாட்டுக்காரரிடம் நான் பேசியதை முதலாளி பார்த்திருக்கிறார். கூப்பிட்டார்.

"ஏப்பா, ஒனக்கு நல்லா வாயி இருக்கு. தலையில மூட்டைய வச்சு அத ஏன் வீணாக்குற?"

அன்றிலிருந்து நான் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ். விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையைத் திக்காமல் சொல்ல ஒரு வாரம் ஆனது. எழுதுவதென்றால் இன்றைக்கும் கார்டைப் பார்த்துத்தான் எழுதுவேன். கார்டோடு பதினொரு தாள் ஒப்பந்தம் ஒன்றையும் நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். "சும்மா பார்மாலிட்டிதேன், போடு" என்றார் முதலாளி. தாளுக்குத் தாள் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

எக்ஸிக்யூட்டிவ் ஆன முதல் வாரம் ஒரு மூட்டையும் விற்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடி எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட்டேன். சோழவந்தான் கடைத்தெரு முனையில் தீவனக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் போய் "வணக்கம் மேடம்" என்றேன். தவிடு அள்ளிய கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு மேடம்? தவணை வசூலுக்கு வர்ற பயலுகதேன் மேடம்னு கூப்புடுவாய்ங்க. நீ எந்த பைனான்ஸு?"

"பைனான்ஸ் இல்ல. மாட்டுத் தீவனம்."

"அப்ப மனுசனக் கூப்புடுற மாதிரி கூப்புடு."

"அத்தாச்சி" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப வழிக்கு வந்த. பத்து மூட்டை எறக்கு கொழுந்தனாரே. மாடு திங்கலைன்னா அந்தக் கட்டுத்தறியில ஒன்னயத்தேன் கட்டுவேன்."

மாடு தின்றது. அதற்குப் பிறகு நான் யாரையும் சார் என்று கூப்பிடவில்லை. வயதில் மூத்தவர் மாமா, கொஞ்சம் மூத்தவர் அண்ணன், என் வயதுக்காரன் மாப்ள. போனிலும் முந்நூற்றுச் சொச்சம் பேரை அப்படியே பதிந்துகொண்டேன். 'மாமா சமயநல்லூர் 4 மாடு.' 'சித்தப்பா தென்கரை செவலை.' 'மாப்ள ஜெர்சி.' 'அத்தாச்சி சோழவந்தான்.' இவர்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. "ஏ தீவனம், நாளைக்கு வாரியா?" என்றுதான் போன் வரும்.

கம்பெனியை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவனியாபுரத்தில் கூப்பிட்டார்கள். எனக்கும் மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்படி எழுதிக் கொடுத்து ஒரு மாதம் இருந்தேன். கடைசி நாள் மத்தியானம் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். சென்னைக்காரர். அந்த ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். என் போனை வாங்கித் திறந்தார்.

"கஸ்டமர் லிஸ்ட் எங்க?"

"அதுலதேன் சார் இருக்கு."

விரலால் தள்ளிக்கொண்டே போனார். நெற்றி சுருங்கியது.

"இது உங்க ஃபேமிலி கான்டாக்ட்ஸ். நான் கேக்குறது கம்பெனி கஸ்டமர்ஸ்."

"அவுகதேன் சார் இவுக."

"மாமான்னு மட்டும் நாப்பத்தி மூணு பேர் இருக்காங்க."

"ஆமா சார்."

"உங்க அம்மாவுக்கு நாப்பத்தி மூணு பிரதர்ஸா?"

"எங்கம்மா ஒத்தப் புள்ள சார்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் மாறியது. பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஆறாவது தாளைத் திருப்பினார். சொந்தக்காரர்கள் யாரோடாவது கம்பெனி வியாபாரம் செய்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். சாம்பிளுக்கு வரும் தாது உப்புப் பொட்டலம் அதிகமாகப் போயிருப்பது சோழவந்தான் கடைக்கு. என் போனில் அந்தக் கடை நம்பரைப் போட்டுப் பார்த்தால் அத்தாச்சி என்று வருகிறது.

"அத்தாச்சின்னா சிஸ்டர் இன் லாவா?"

"மொறைக்கு அப்படித்தேன் சார். ஆனா சொந்தம் இல்ல."

"முறைக்கு அப்படின்னா சொந்தம்தானே?"

பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எட்டாவது தாளையும் படித்துக் காட்டினார். யாரிடம் எத்தனை மாடு இருக்கிறது, எது எப்போது கன்று போடும் என்ற விவரம் எல்லாம் கம்பெனியின் ரகசியம்.

"அதுல என்ன சார் ரகசியம்? மாடு வாசல்லதானே கட்டிக் கெடக்கு. தெருவுக்கே தெரியும்."

"தெருவுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. காம்பெட்டிட்டருக்குத் தெரியக் கூடாது."

அப்போதுதான் அந்த மூன்று தாளைக் கொடுத்தார். இரண்டு வருடம் தீவன வேலை செய்யமாட்டேன் என்ற விஷயத்தை மட்டும் சொன்னார். "சைன் பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல லெட்டர் ரெடி." பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். ஒருமுறை படிக்காமல் பதினொரு தாளில் போட்டவன் நான். படித்துவிட்டு வருகிறேன் என்றேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று அவர் சொல்லவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்குள் வரச் சொன்னார்.

வெளியே வரும்போது முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து நின்றார்.

"ஒன் மேல கோவம் இல்லடா. முந்தி ஒருத்தன் போனான். அவன் பின்னாடியே திருமங்கலம் லைன் பூராவும் போயிருச்சு. வீட்ட வித்து நிமிந்தேன். நானும் என்னயப் பாத்துக்கணும்ல?"

"நான் லைனத் தூக்கிட்டுப் போகலண்ணே."

"அவனும் இப்புடித்தேன் சொன்னான்."

ஒருவன் தீவனம் விற்கப் போய்வருகிற கடைகளும் வீடுகளும் சேர்ந்ததுதான் லைன். லைன் போய்விட்டால் முதலாளிக்கு இயந்திரமும் குடோனும்தான் மிச்சம். அவர் பயம் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது.

பஸ் பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பின்னால் இருக்கும் பழைய தெருக்களுக்குள் நடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் அங்கே இருக்கிறார். பாய். மொட்டை மாடியில் பக்ரீதுக்காக இரண்டு கிடாய் வளர்ப்பார். அதற்குத் தீவனம் கொண்டுபோய்க் கொடுத்த பழக்கம். சாயங்கால அசர் தொழுகை முடித்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. கிடாய்க்கு இருக்கே, இன்னும் தீரலயே."

"கிடாய்க்கு இல்ல பாய். எனக்கு."

எல்லாத் தாளையும் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். நடுவில் டீ வந்தது, பன்னும் வந்தது. நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"வேலையில இருக்கும்போது வேற கம்பெனிக்கு வேலை பாக்கக் கூடாதுன்னா அது நியாயம். வெளிய வந்தப்புறம் ரெண்டு வருஷம் இந்தத் தொழிலே பண்ணாதன்னு எழுதி வாங்குறது நம்ம சட்டத்துல செல்லாது. அடுப்பெரிக்கலாம்."

"அப்ப கையெழுத்துப் போட்டு லெட்டர வாங்கிட்டு, நாளைக்கே அங்க போயிரலாமா பாய்?"

"மொத ரெண்டு தாளுக்குத்தான் இதச் சொன்னேன். மூணாவதுல என்ன இருக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"கஸ்டமர் லிஸ்ட மறைச்சு வச்சேன், சொந்தக்காரங்களுக்குக் கம்பெனிப் பொருளக் குடுத்தேன், ஒத்துக்குறேன்னு இருக்கு. இது செல்லும் தம்பி. நான் திருடன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க. நாளைக்கு எப்ப வேணும்னாலும் எடுத்து நீட்டலாம்."

நாற்பத்து மூன்று மாமாக்களின் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னைய என்னன்னு பதிஞ்சிருந்தீங்க?"

"பாய் மாமா, ரெண்டு கிடா."

"அடப்பாவி! என்னையும் அதுல சேத்துட்டீங்களா? ஒங்களுக்காக நான் ஆஜரானா, தாய்மாமன் வந்து வாதாடுறான்னுல்ல சொல்லுவானுங்க?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, போனிலிருந்த நம்பர்களை எங்கேயாவது எடுத்து வைத்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. அது அவங்க சொத்து. அதுல நான் ஒங்க பக்கம் நிக்க முடியாது."

"நம்பரு ஒண்ணுகூடத் தெரியாது பாய். ஆளுகளத்தேன் தெரியும்."

"ஆளத் தெரிஞ்சதுக்கு எவனும் கேஸ் போட முடியாது."

லேபர் ஆபீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். அங்கேதான் அந்த வார்த்தை குறுக்கே வந்தது.

"எக்ஸிக்யூட்டிவ்னு போட்டிருக்கே. தொழிலாளி இல்லன்னு சொல்லுவாங்க. ஒங்களுக்குக் கீழ யாராச்சும் உண்டா? யாருக்காச்சும் லீவு குடுப்பீங்களா?"

"எனக்கே கெஞ்சித்தேன் வாங்கணும்."

"அப்ப பேருக்குத்தான் எக்ஸிக்யூட்டிவ். நிரூபிக்கலாம். ஜெயிக்கவும் செய்யலாம், இன்ஷா அல்லா."

"எம்புட்டு நாளாகும்?"

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல."

"ஆகி, புள்ள பள்ளிக்கூடம் போறதுக்குள்ள முடிஞ்சிரும்."

அவருடைய போனை வாங்கி அவனியாபுரம் மேனேஜரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"லெட்டர் இல்லன்னா பரவாயில்ல பாஸ், நான் பேசிக்கிறேன். லிஸ்ட் இருக்குல்ல?"

"போன அங்கேயே குடுத்துட்டேன் சார்."

"அது சரி. காப்பி?"

"இல்ல."

பக்கத்தில் யாரோ அவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"பாஸ், லெட்டர் இருந்தா எம்.டி.கிட்ட பழைய கம்பெனில நல்லா இருந்தாருன்னு சொல்லுவேன். லிஸ்ட் இருந்தா பிசினஸ் வரும்னு சொல்லுவேன். ரெண்டும் இல்லாம நான் என்னத்தச் சொல்ல? காலையில ஒன்பது மணிக்கு ரெண்டுல ஒண்ணோட வாங்க. நம்ம அக்ரிமெண்ட்டும் ரெடியா இருக்கும். இங்கேயும் அதே ரெண்டு வருஷந்தான், பயப்படாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் மூன்று தாளையும் மடித்து என் கையில் வைத்தார். பீஸ் என்று பேச்சை எடுத்தேன். "கிடாய்க்கு அடுத்த மாசம் தீவனம் வேணும், எங்க இருந்தாலும் கொண்டு வாங்க" என்றார்.

அவனியாபுரத்தில் ஒரு சந்தில் என் அறை. விமானம் இறங்கும்போது ஓடு அதிரும். பழைய நானாக இருந்திருந்தால் அன்றைக்கே பையைக் கட்டி ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறியிருப்பேன். பையை எடுத்துக் கட்டில்மேல் வைக்கவும் செய்தேன். ஆனால் இந்த முறை ஊரைவிட்டுப் போனால், அந்தத் தாளில் கேட்டதைக் கையெழுத்தே போடாமல் செய்து கொடுத்தது போல ஆகிவிடும். இரண்டு வருடம் மதுரைப் பக்கம் தலைகாட்டாதே என்பதுதானே அவர்கள் கேட்டது. பையிலிருந்து துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

மறுநாள் எட்டு மணிக்குச் சமயநல்லூர் போகவில்லை. அந்த நேரத்துக்கு அவனியாபுரம் கம்பெனியின் பின்வாசலில் நின்றேன். குடோன் அந்தப் பக்கம்தான். லோடு ஆட்களை வேலைக்கு எடுக்கும் மேஸ்திரி பல் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"தூக்குவியா?"

"தூக்குவேண்ணே."

"முன்ன எங்க தூக்குன?"

"தீவனந்தேன். சமயநல்லூர்ல."

"ஏன் விட்ட?"

"நடுவுல எக்ஸிக்யூட்டிவா இருந்தேன்."

மேலும் கீழும் பார்த்தார். "அது என்ன நோயி?" என்றார். "ஆதார் இருக்கா?"

"இருக்கு."

"அம்புட்டுத்தேன். சட்டையக் கழட்டு."

கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடம் என்ற பேச்சும் இல்லை. மூட்டை தூக்குகிறவனால் வியாபாரத்துக்கு ஆபத்து என்று இதுவரை எந்த வக்கீலும் எழுதவில்லை போலிருக்கிறது. முதல் பத்து மூட்டை வரை கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் பைக்கில் சுற்றிய கழுத்து. பிறகு வலி பழகியது. ஒன்பது மணிக்கு மேனேஜரின் கார் முன்வாசல் பக்கம் போனது. அதன்பின் ஒருமுறை குடோனுக்குள் வந்து ஸ்டாக் பார்த்துவிட்டுப் போனார். என்னைத் தாண்டித்தான் போனார். தலையில் மூட்டை இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

பத்து மணிக்கு ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். டிரைவர் கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"சோழவந்தான் தெரிஞ்ச ஆளு யாருப்பா? புது பார்ட்டியாம், பத்து மூட்டை சாம்பிள். கடைத்தெருன்னு மட்டும் போட்டிருக்கு. ஏதோ பொம்பளையாளு கடையாம்ல?"

பட்டியல் இல்லாமலேயே இவர்கள் அந்தக் கடையைப் பிடித்துவிட்டார்கள். ரகசியம் அவ்வளவுதான்.

"கடைத்தெரு முனையிலண்ணே. வாசல்ல புளியமரத்துக் கட்டுத்தறி ஒண்ணு கெடக்கும். மேடம்னு மட்டும் கூப்புட்டுறாதீக, எறக்க விடமாட்டாக."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எப்புடித் தெரியும்? சொந்தமா?"

"ஆமாண்ணே. எனக்கு அத்தாச்சி முறை வேணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.